கிணற்றடியிலிருந்து சர்வர் வரை: தகவல் திரட்டும் மொபைல் செயலியைக் கட்ட முழுமையான வழிகாட்டி

"தம்பி, சுத்திக்கிட்டே இருக்குப்பா. போயிருச்சா, போகலையா?"

கிணற்று நீர்மட்டத்தைப் பதிவு செய்ய நான் எழுதிய முதல் செயலிக்கு வந்த முதல் போன் இது. பேசியவர் விவசாயி, வாரம் ஒருமுறை தன் கிணற்றையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் அளந்து தர ஒத்துக்கொண்டவர். 'சேமி' பட்டனை அழுத்தினால் நேரே சர்வருக்கு, அதாவது தகவல்களை வாங்கிச் சேர்த்து வைக்கும் மையக் கணினிக்கு, போகிற மாதிரி எழுதியிருந்தேன். என் வீட்டு வைஃபையில் அரை நொடியில் போனது. அவர் தோட்டத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று மறுபடி அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். சாயங்காலம் பார்த்தால் ஒரே கிணற்றுக்கு ஏழு பதிவு. அடுத்த தோட்டத்துக்காரர் பொறுமை இழந்து செயலியை மூடிவிட்டார். அவர் அளந்தது எங்குமே இல்லை.

ஒன்று ஏழாகவும் கூடாது, காணாமலும் போகக் கூடாது. களத்தில் தகவல் திரட்டும் செயலியில் முக்கால்வாசி உழைப்பு இந்த இரண்டுக்கே போகும். திரையின் அழகெல்லாம் பிறகு. கீழே சொல்வது அந்தக் கிணற்றுச் செயலியை இரண்டாம் முறை ஒழுங்காகக் கட்டிய கதை. மரக் கணக்கெடுப்போ, ரேஷன் கடை ஆய்வோ, கொசுப்புழு ஆய்வோ எதுவானாலும் எலும்புக்கூடு இதேதான்.

படி 0: எழுதத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடிகே என்றொரு திறமூலக் கருவி இருக்கிறது. 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கேள்விகளை ஒரு எக்செல் தாளில் எழுதினால் அதுவே போனில் படிவமாகிவிடும். நெட் இல்லாமல் நிரப்பலாம், நெட் வந்ததும் அனுப்பலாம். அதை அடித்தளமாகக் கொண்டு வந்த கோபோ டூல்பாக்ஸும் அதே வேலையைச் செய்யும். ஒரே ஒரு முறை நடக்கும் கணக்கெடுப்பு என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை.

எங்களுக்கு வேண்டியது வேறு. விவசாயி தன் கிணற்றின் போன வருட நவம்பரையும் இந்த வருட நவம்பரையும் ஒரே திரையில், நெட் இல்லாமலே, அடிக்கணக்கில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக எழுத இறங்கினோம்.

படி 1: நாடாவோடு கிணற்றுக்குப் போங்கள்

நிரல் (கோடு) எழுதுவதற்கு முன் ஒரு முழு நாள் இதற்குக் கொடுங்கள். உட்கார்ந்த இடத்தில் நான் போட்ட முதல் பட்டியலில் நான்கே கேள்விகள் இருந்தன: கிணற்றின் பெயர், தேதி, நீர்மட்டம், படம். கிணற்றடிக்குப் போனதும் அந்தப் பட்டியல் நாறிப்போனது.

நாடாவை எங்கிருந்து பிடிப்பது? ஒருவர் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து பிடிக்கிறார், இன்னொருவர் தரையிலிருந்து. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை அளந்து வெளியிடும் கணக்கு தரைமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் கீழே என்பதுதான். நம் கணக்கை அதனோடு ஒப்பிட வேண்டுமானால் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். சுவர் மேலிருந்து 9.40 மீட்டர், சுவர் உயரம் 0.80 மீட்டர் என்றால் நீர்மட்டம் 8.60. ஆகவே சுவர் உயரத்தைக் கிணற்றைப் பதியும்போதே ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டோம். கழித்தலைச் செயலி செய்யும். ஆனால் நாடாவில் படித்த 9.40-ஐயும் அப்படியே சேமிக்கும். படித்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்குப் போட்ட எண்ணை மட்டும் வைத்திருந்தால், சுவர் உயரம் தப்பு என்று பிற்பாடு தெரியும்போது திருத்த வழியிருக்காது.

அப்புறம் அலகு. திரையில் 'மீட்டரில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். வந்த எண் 32. அது அடி. நம்மூரில் கிணற்றை மீட்டரில் யோசிப்பவர் யார்? அடி, மீட்டர் இரண்டையும் பட்டனாக வைத்து, அடியை முதலில் வைத்தோம். எந்த அலகில் உள்ளிட்டார் என்பதும் பதிவில் இருக்கும், 0.3048-ஆல் பெருக்குவது செயலியின் வேலை.

பூஜ்யம் இன்னொரு பொறி. கிணறு வறண்டிருந்தால் பலர் 0 என்று போட்டார்கள். கணக்கில் 0 என்றால் தண்ணீர் தரை வரை ததும்புகிறது என்று பொருள். வறட்சி வெள்ளமாகிவிட்டது! எனவே எண்ணுக்கு முன்னால் ஒரு கேள்வி: அளந்தேன், தண்ணீர் இல்லை, அளக்க முடியவில்லை. கடைசி இரண்டில் எண் கட்டம் திறக்கவே திறக்காது. இன்னொரு பக்கம், கணக்கில் வரும் விடை மைனஸாக இருந்தால் தவறு என்று தடுத்து வைத்திருந்தேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சில கிணறுகளில் தண்ணீர் தரையைத் தாண்டிக் கைப்பிடிச் சுவருக்குள் ஏறி நின்றது. சுவர் உயரத்தைக் கழித்தால் விடை மைனஸ்தான், அது சரிதான். சரிபார்க்கும் விதிகளை எழுதும்போது 'இது நடக்கவே நடக்காது' என்று நீங்கள் நினைப்பதைக் கிணற்றுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கண்டிப்பாகத் தடுப்பதைவிட, 'போன வாரத்தைவிட 12 அடி கூடியிருக்கிறது, சரிதானா?' என்று கேட்பது நல்லது.

கடைசியாகச் சேர்ந்த கேள்வி: மோட்டார் ஓடியதா? மூன்று பேஸ் கரண்ட் வந்த கையோடு எல்லோரும் மோட்டார் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் அளந்தால் மட்டம் இறங்கித்தான் இருக்கும். அளப்பதற்கு நல்ல நேரம் விடியற்காலை. இது பின்னால் தேதி விஷயத்தில் காலை வாரிவிட்டது, அங்கே சொல்கிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். 'கொட்டாம்பட்டி' என்பதில் வரும் ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில், ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு (பதிவுகளை வைக்கும் தகவல் கிடங்குக்கு) இரண்டு ஊர். வேறு வழியில்லாமல் தமிழில் தட்டச்சு வாங்க வேண்டிய இடங்களில் சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நிரல் மொழிகளில் அதற்குத் தயார் ஃபங்ஷன் இருக்கிறது. ஊர்களுக்கு இந்திய அரசின் உள்ளாட்சி அடைவில் தனித்தனி எண் உண்டு. அதைப் பட்டியலாகச் செயலியோடு அனுப்பி, தேர்ந்தெடுக்க வைப்பதே உத்தமம். எத்தனை புதூர், எத்தனை புதுப்பட்டி!

படி 2: முதலில் போனுக்குள் எழுது

'சேமி' என்றால் போனுக்குள் சேமிப்பது. அனுப்புவது வேறு வேலை, வேறு நேரம். இந்தப் பிரிவினைதான் அடித்தளம்.

களத்தில் இருக்கும் போன்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு என்பதால் கோட்லின் என்ற நிரல் மொழியில் எழுதினோம். ஃப்ளட்டரில் எழுதினாலும் முறை மாறாது. ஆண்ட்ராய்டில் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. அதன்மேல் ரூம் என்ற லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) போட்டுக்கொண்டால் கைத்தவறுகள் குறையும். எங்களிடம் மூன்று டேபிள்கள்: கிணறு, அளவை, படம். அளவையிலும் படத்திலும் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதன் மதிப்புகள் வரைவு, அனுப்பக் காத்திருக்கிறது, போய்ச் சேர்ந்தது, சிக்கல் என்ற நான்குதான்.

வரைவு எதற்கு என்று கேட்கலாம். ராம் குறைந்த போனில் உங்கள் செயலியிலிருந்து கேமராவைத் திறந்தால், கேமராவுக்கு இடம் கொடுக்க ஆண்ட்ராய்டு உங்கள் செயலியையே கொன்றுவிடும். படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலியாக இருக்கும். புது போன் வைத்திருக்கும் உங்கள் கையில் இது ஒருநாளும் நடக்காது. களத்தில் தினமும் நடக்கும். ஒவ்வொரு விடையையும் உள்ளிட்ட உடனே வரைவாக டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். கேமராவைத் திறக்கும் முன் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. செயலியை அன்இன்ஸ்டால் செய்தாலோ, செட்டிங்கில் போய் டேட்டாவை அழித்தாலோ, அனுப்பாதவை அத்தனையும் போய்விடும். 'மக்கர் பண்ணுது, எடுத்துட்டு திரும்பப் போடு' என்பதுதான் ஊரில் முதல் வைத்தியம். பயிற்சியின்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். செயலி உங்களுடையதுதான் என்று கையெழுத்திடப் பயன்படும் கீ கோப்பையும் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்தால் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதிய பதிப்பைப் போட முடியும். கூடவே காத்திருக்கும் பதிவுகளும் போகும்.

படி 3: அடையாள எண் போனிலேயே பிறக்க வேண்டும்

என் முதல் செயலியில் பதிவுக்கு எண் கொடுத்தது சர்வர். வருவதற்கெல்லாம் 101, 102, 103 என்று வரிசையாகக் கொடுக்கும். அதனால்தான் ஒன்று ஏழானது. ஏழு முறை வந்தது ஒரே பதிவு என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

இரண்டாம் முறை, படிவத்தைத் திறந்த கணமே போன் ஒரு யூயூஐடியை (வேறெந்தப் பதிவோடும் மோதாத நீண்ட அடையாள எண்ணை) உண்டாக்கிப் பதிவில் ஒட்டிவிடும். அதன் நான்காம் வகையில் 122 பிட்டுகள் தற்செயலாக அமைபவை. இரண்டு போன்கள் ஒரே எண்ணை உண்டாக்கும் என்ற கவலை வேண்டாம். அந்த எண் அந்தப் பதிவுக்குச் சாகும்வரை மாறாது. படத்துக்கும் தனி எண் உண்டு.

படி 4: நேரம், இடம், படம்

நேரத்தை உலகப் பொது நேரத்திலும், அதோடு இந்த ஊருக்கான ஐந்தரை மணி வித்தியாசத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். விடியற்காலை விஷயம் இங்கேதான். காலை 5 மணிக்கு அளந்தால் பொது நேரத்தில் அது முந்தைய நாள் இரவு 11.30. சர்வரில் தேதிவாரியாகத் தொகுத்தபோது திங்கட்கிழமை அளவைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் போய் உட்கார்ந்தன. மோட்டார் போடுவதற்கு முன் அளக்கச் சொன்னது நாங்கள்தான், யாரைக் குற்றம் சொல்ல? தேதியைப் பிரிக்கும் முன் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சர்வர் தனக்கு வந்துசேர்ந்த நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். அளந்த நேரம் வந்துசேர்ந்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் போனின் கடிகாரம் தப்பு.

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, ஆனால் நெட் இல்லாதபோது முதல்முறை இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். ஆண்ட்ராய்டு இடத்தோடு ஒரு துல்லிய எண்ணையும் தரும். 12 என்றால் 12 மீட்டர் வட்டத்துக்குள் நீங்கள் இருக்க ஏறக்குறைய 68 சதவீத வாய்ப்பு என்று பொருள், சத்தியம் கிடையாது. தென்னந்தோப்புக்குள் இது 40, 50 என்று எகிறும். நாங்கள் வைத்த விதி: 15 மீட்டருக்குள் வரும்வரை காத்திரு, ஒரு நிமிடம் தாண்டினால் கிடைத்ததை வாங்கிக்கொள், துல்லிய எண்ணையும் சேர்த்துச் சேமி. இடத்துக்கான அனுமதியைச் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அளவில் கேட்டால் போதும். பின்னணியில் எப்போதும் இடத்தைப் பார்க்கும் அனுமதி ஆண்ட்ராய்டு 10 முதல் தனி அனுமதி. தேவையில்லாமல் கேட்டால் ஆள் பயந்துபோய் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்.

படத்தைப் பற்றி அதிகம் இல்லை. இன்றைய கேமரா தரும் 3, 4 எம்பி படத்தை நீண்ட பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கி ஜேபெக்காகச் சேமித்தால் சுமார் 300 கேபி ஆகும். நாடாவில் எண் தெரிந்தால் சரி. கேலரியில் போடாமல் செயலியின் சொந்த ஃபோல்டரில் வையுங்கள். கேலரியில் இருந்தால், போனில் இடம் பத்தவில்லை என்று யாராவது அழித்துவிடுவார்கள்.

படி 5: சர்வர்

200 கிணறு, வாரம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 10,400 பதிவுகள். படம் ஒன்று 300 கேபி என்றால் மொத்தம் 3 ஜிபி சொச்சம். இதற்குப் பெரிய கட்டமைப்பு தேவையில்லை. 1 ஜிபி ராம் உள்ள சின்ன வாடகை சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சர்வர் நிரலுக்குப் பைத்தான் மொழியில் ஜாங்கோவோ ஃபாஸ்ட் ஏபிஐயோ, முன்னால் வரும் கோரிக்கைகளை வாங்கித் தரும் வாசல்காரனாக என்ஜின்எக்ஸ். யாராவது மைக்ரோசர்வீஸ் (வேலையைப் பல குட்டிச் சர்வர் நிரல்களாகப் பிரிப்பது) என்று ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சர்வருக்கு நான்கு கதவுகள் போதும்: உள்நுழைவு, கிணற்றுப் பட்டியலைத் தருவது, அளவைகளை வாங்குவது, படத்தை வாங்குவது. அளவைகளை வாங்கும் கதவு 20 பதிவுகள் வரை கொண்ட, ஜேசான் என்ற எழுத்து வடிவில் வரும் தகவல் கட்டு ஒன்றை ஏற்கும். ஒவ்வொன்றையும் அதன் யூயூஐடியை முதன்மைச் சாவியாக வைத்து எழுதும். அதே எண் ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்தே 'மோதினால் ஒன்றும் செய்யாதே' என்ற வசதி இன்சர்ட் கட்டளையிலேயே இருக்கிறது. ஏழு முறை அனுப்பினாலும் ஒன்றுதான் இருக்கும், ஏழு முறையும் 'கிடைத்தது' என்றுதான் பதில் போகும்.

பதிலில் வெறும் 'சரி' போதாது. எந்தெந்த எண்கள் பத்திரமாக எழுதப்பட்டன என்ற பட்டியலைத் திருப்பி அனுப்ப வேண்டும். டேட்டாபேஸில் நிரந்தரமாக எழுதி முடித்த (கமிட் ஆன) பிறகுதான் பதிலே போக வேண்டும்.

திருத்தம் வந்தால் பழையதன்மேல் எழுதக் கூடாது. திருத்தம் என்பது புதிய எண்ணோடு வரும் புதிய பதிவு. 'இன்ன பதிவுக்குப் பதிலாக' என்று பழைய எண்ணைச் சுட்டும். 32-ஐ 23 என்று மாற்றியது யார், எப்போது என்று ஒருநாள் கேள்வி வரும்.

இங்கே எல்லோரும் விழும் ஒரு குழி: என்ஜின்எக்ஸ் எதுவும் சொல்லாவிட்டால் 1 எம்பிக்கு மேல் உள்ள கோரிக்கையை வாசலிலேயே 413 ('அளவு மீறியது') என்று திருப்பிவிடும். சுருக்காத ஒரு படம் போதும். கோரிக்கை உங்கள் பைத்தான் கோடு வரை வராது, அதன் லாகில் (நிகழ்வுக் குறிப்பில்) ஒரு தடயமும் இருக்காது. அந்த அளவை 10 எம்பியாக உயர்த்தி வையுங்கள்.

படி 6: அனுப்பும் வேலை

இனி இந்தச் செயலியின் நெஞ்சாங்கூடு. பழைய பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பது ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் நமக்குத் தெரியும். அட்டை வராவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம்: கடிதமே போகவில்லை, அல்லது கடிதம் போய்விட்டது, அட்டை வழியில் தொலைந்தது. அனுப்பியவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு கோடு சிக்னலில் இரண்டாவது அடிக்கடி நடக்கிறது: சர்வர் எழுதிவிட்டது, பதில் வரும் வழியில் டவர் விட்டுப்போனது. அட்டை வராதவரை மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் சரி. மறுபடி அனுப்புவதால் கெடுதல் வராதபடி மேலே யூயூஐடி பார்த்துக்கொள்ளும். படி 3-உம் படி 5-உம் இந்த ஒரு கணத்துக்காகச் செய்தவை.

ஆண்ட்ராய்டு 6-லிருந்து, அதாவது 2015-லிருந்து, சும்மா கிடக்கும் போன் தூக்க நிலைக்குப் போய்ப் பின்னணியில் நடக்கும் வேலைகளைத் தள்ளிப்போடும். ஆகவே நீங்களே ஒரு டைமர் வைத்து ஓட்டப் பார்க்காதீர்கள். பின்னணி வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் வொர்க்மேனேஜர் லைப்ரரியிடம் வேலையை ஒப்படையுங்கள். நாங்கள் இரண்டு விதமாக ஒப்படைத்தோம். ஒவ்வொரு சேமிப்புக்குப் பிறகும் 'நெட் இருந்தால் இப்போதே அனுப்பு' என்று ஒரு ஒற்றை வேலை. அது தவறினால் பிடித்துக்கொள்ள ஒரு மணிக்கு ஒருமுறை ஓடும் வேலை. 15 நிமிடத்துக்குக் குறைவாக அது அனுமதிக்காது, நமக்கும் தேவையில்லை. இரண்டுக்கும் தனிப்பெயர் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சேமிக்கச் சேமிக்க வேலைகள் குவியும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் சில பதிவுகள் இருமுறை போகும். போகட்டும், யூயூஐடி இருக்கிறது. 'நெட் இருந்தால்' என்ற நிபந்தனையை முழுதாக நம்பவும் வேண்டாம். டவரோடு இணைப்பு இருக்கும், டேட்டா நகராது. நெட் பேக் தீர்ந்த போனும் இணைப்பு இருப்பதாகத்தான் காட்டும்.

எழுத்து முதலில், படம் பிறகு. இருபது அளவைகளும் சேர்ந்து சில கேபிதான். இழுத்துப் பறித்து வரும் 2ஜியிலும் போய்விடும். படங்கள் ஒவ்வொன்றாக, அளவைகள் எல்லாம் சேர்ந்த பிறகு போகட்டும். ஒவ்வொரு படத்தோடும் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை (கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை) அனுப்பினால், பாதியில் அறுந்து வந்த படத்தைச் சர்வர் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். சர்வரோடு பேசும் ரெட்ரோஃபிட் லைப்ரரிக்கு அடியில் இருக்கும் ஓகேஎச்டிடிபி, நாம் மாற்றாவிட்டால் பதிலுக்கு 10 நொடி மட்டுமே காத்திருக்கும். அதை 60 ஆக்குங்கள்.

சர்வர் பதிலோடு தரும் மூன்றிலக்க நிலைக் குறியீட்டைப் பார்த்து என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலான செயலிகள் கோட்டை விடுகின்றன. 200 அல்லது 201 (வெற்றி) வந்தால், பதிலில் இருக்கும் பதிவு எண்களை மட்டும் 'போய்ச் சேர்ந்தது' என்று மாற்று. 500, 503 (சர்வரில் கோளாறு), 429 (கோரிக்கைகள் மிகுதி) அல்லது பதிலே வரவில்லை என்றால், காத்திருந்து மறுபடி அனுப்பு. காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிக்க வேண்டும். வொர்க்மேனேஜரே 30 நொடியில் தொடங்கி அதிகபட்சம் 5 மணி நேரம் வரை கூட்டிக்கொண்டு போகும். 401 வந்தால் டோக்கன் (உள்நுழைந்தவருக்குச் சர்வர் தரும் அடையாளச் சீட்டு) செல்லாது, மறுபடி உள்நுழையச் சொல். அப்போது ஒரு பதிவைக்கூடத் தொடாதே. லாக்அவுட் ஆனதும் டேபிளைக் காலி செய்யும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. 400 அல்லது 422 என்றால் பதிவில்தான் கோளாறு, ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான். அதைச் 'சிக்கல்' என்று தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போ. ஒதுக்காமல் விட்டால் வரிசையின் தலையில் அந்த ஒரு கெட்ட பதிவு உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருக்கும் நாற்பது நல்ல பதிவுகளையும் மறித்துவிடும். எங்களுக்கு ஒரு போனில் இப்படி இரண்டு வாரம் எதுவுமே வரவில்லை. காரணம் சுவர் உயரம் காலியாக இருந்த ஒரே ஒரு கிணறு.

படி 7: யார் அனுப்புகிறார்?

ஆளுக்கு ஒரு டோக்கன். போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் சர்வரில் ரத்து செய்யலாம். எல்லோருக்கும் பொதுவான ரகசியச் சாவியைச் செயலிக்குள் புதைத்து வைக்காதீர்கள். ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பை) பிரித்துப் பார்ப்பது சின்னப் பையன் வேலை.

எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) இல்லாத சர்வரோடு பேச ஆண்ட்ராய்டு 9 முதலே தானாக அனுமதிப்பதில்லை. தடையை நீக்கும் ஒரு வரி நெட்டில் எங்கும் கிடைக்கும், போடாதீர்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது பல காலமாக 90 நாளுக்குத் தரும் சான்றிதழ், எனவே தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்துவிடுங்கள். எங்களுடையது ஒரு சனிக்கிழமை காலாவதியாகி, திங்கள் காலைதான் கண்டோம். அந்த இரண்டு நாளும் எல்லா போன்களும் அனுப்ப முயன்று தோற்றுக் காத்திருந்தன. சரி செய்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன் யாரிடமாவது இருந்தால் அதில் தனியாகச் சோதியுங்கள். அந்தச் சான்றிதழின் இன்றைய வேர் (அதை நம்ப அடிப்படையான தலைமைச் சான்றிதழ்) அந்தப் பழைய போன்களில் கிடையாது.

கிணற்றுக்காரரின் பெயரும் போன் எண்ணும் தனிநபர் தகவல். இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், யாருடைய கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதே ஊரில் சண்டைக்குப் போதுமான செய்தி. எதற்காக வாங்குகிறோம் என்று தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தேவையில்லாததை வாங்காதீர்கள். ஆதார் எண்ணெல்லாம் எதற்கு?

படி 8: அளப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது

'போயிருச்சா, போகலையா?' என்ற கேள்விக்கு முகப்புத் திரையே பதில் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் இரண்டு வரி: 'போனில் பத்திரமாக இருப்பவை 4. சர்வருக்குப் போய்ச் சேர்ந்தவை 31.' சேமித்ததும் சுற்றும் வட்டம் வேண்டாம், 'பத்திரம். சிக்னல் வந்ததும் தானே போகும்' என்று எழுதினால் மறுபடி அழுத்த மாட்டார். சின்சிங், அப்லோடிங் போன்ற சொற்களை நீக்கிவிட்டோம். சிக்கலில் மாட்டிய பதிவு சிவப்பில் இருக்கும், தட்டினால் காரணம் தமிழில் வரும்: 'சுவர் உயரம் விடுபட்டிருக்கிறது.'

சில போன் கம்பெனிகளின் பேட்டரி சேமிப்பு பின்னணி வேலைகளை அடியோடு நிறுத்திவிடும். அதற்காக 'இப்போதே அனுப்பு' என்று ஒரு பட்டனும் வையுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது அழுத்திக்கொள்வார்கள்.

படி 9: படிவம் மாறும்போது

மாறும். மோட்டார் கேள்வி மூன்றாம் மாதத்தில்தான் சேர்ந்தது. ஒவ்வொரு பதிவிலும் படிவப் பதிப்பு எண் இருக்கட்டும். சர்வர் பழைய பதிப்புப் பதிவுகளையும் ஏற்றாக வேண்டும். செயலியைப் புதுப்பிக்காத போன் குறைந்தது ஒன்றாவது எப்போதும் இருக்கும். புதிய கேள்வியைச் சேர்க்கலாம், பழைய கேள்வியின் பொருளை மாற்றக் கூடாது. புதிய கேள்வியோடு பதிவு வரும்போது சர்வர் தயாராக இருக்க வேண்டும், எனவே முதலில் சர்வரைப் புதுப்பியுங்கள், பிறகு செயலியை.

போனின் டேட்டாபேஸ் அமைப்பு மாறினால் ரூமுக்கு மாற்றும் வழியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். 'வழி இல்லையென்றால் பழையதை அழித்துப் புதிதாகத் தொடங்கு' என்ற வசதி அதில் உண்டு. கோடு எழுதும் காலத்தில் வசதியாக இருக்கிறதே என்று போட்டுவிட்டு எடுக்க மறந்தால், ஒரு அப்டேட்டில் ஊரின் உழைப்பெல்லாம் காலி.

படி 10: உடைத்துப் பாருங்கள்

வெளியே கொடுக்கும் முன் இத்தனையையும் கையால் செய்து பாருங்கள். ஏரோபிளேன் மோடில் பத்துப் பதிவு போட்டு, போனை அணைத்து, மறுநாள் நெட்டைப் போடுங்கள். சர்வரில் சரியாகப் பத்து வர வேண்டும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சர்வரை நிறுத்துங்கள். சர்வர் எழுதிவிட்டுப் பதில் சொல்லாமல் அறுத்துக்கொள்ளும்படி ஒரு வரி கோடு போட்டுச் சோதியுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். படம் எடுக்கும்போது செயலியைக் கொல்லுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் 'செயல்பாடுகளை வைத்திருக்காதே' என்பதைப் போட்டால் கேமரா கதை தானாக நடக்கும். கடிகாரத்தை ஒரு வருடம் பின்னால் தள்ளுங்கள். போனின் ஸ்டோரேஜை வீடியோவால் நிரப்பிவிட்டுச் சேமியுங்கள். 'இடம் இல்லை' என்று சொல்ல வேண்டும், சேமித்ததாகப் பொய் சொல்லக் கூடாது.

படி 11: வெளியே எடுப்பதும் பேக்கப்பும்

எல்லோரும் கடைசியில் எக்செல்லில்தான் கேட்பார்கள். சிஎஸ்வி கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளைச் சேருங்கள், இல்லையென்றால் எக்செல்லில் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். தினம் இரவு டேட்டாபேஸையும் படங்களையும் வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு காலி சர்வரில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 12: நோட்டும் கூடவே

முதல் ஒரு வாரம் ஐந்து பேரிடம் மட்டும் கொடுத்தோம். செயலியில் போடுவதை அப்படியே ஒரு கோடு போட்ட நோட்டிலும் எழுதச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளை வாங்கி வந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் திரையில் பார்த்து டிக் அடித்தோம். மூன்று இடங்களில் எண் ஒத்துப்போகவில்லை. படத்தைத் திறந்து நாடாவைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு நோட்டில் தப்பு, ஒன்று செயலியில் தப்பு. செயலியில் தப்பாக இருந்தது 0.5. அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் புள்ளி வைத்து, இருபத்தெட்டு அடி ஐந்து அங்குலத்தை 28.5 என்று போட்டிருந்தார். அடுத்த பதிப்பில் அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம்.